ஸ்வெட்டரா, குடையா? தங்கவயல் சித்தப்பா பதில்கள்

‘கேஜிஎஃப்’ பார்த்தவர்கள், ‘தங்கலான்’ பார்த்தவர்கள், தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் என மூன்று கட்சியும் ஒரே கேள்வியோடு கார்டு போட்டிருக்கிறார்கள்: கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்கு எப்போது வரலாம்? வரிசையில் வரவும். தள்ளுமுள்ளு கூடாது.

கே.எஸ்., அம்பத்தூர்: ராபர்ட்சன்பேட்டைக்கு வர உகந்த மாதம் எது, சித்தப்பா?

எதைப் பார்க்க என்று எழுதவில்லையே! மேகம் பார்க்க செப்டம்பர். பனி பார்க்க ஜனவரி. மாம்பழம் பார்க்க ஜூன். சொந்தக்காரர்களைப் பார்க்க என்றால் மாதக் கடைசி தவிர எப்போது வேண்டுமானாலும்.

வி., மயிலாப்பூர்: மே மாதம் ஊட்டியில் ரூம் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் தங்கவயல் வந்தால் குளிருமா?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். நாங்கள் 850-க்குப் பக்கம். கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் சூடு இறங்கும் என்கிறது பாடப்புத்தகம். ஆக, சென்னைச் சூட்டில் உங்களுக்கு ஐந்தரை டிகிரி தள்ளுபடி. பகலில் 35-ஐப் பார்த்துவிட்டு ‘இதற்கா டிக்கெட் எடுத்தோம்’ என்று முணுமுணுப்பீர்கள். ராத்திரி மொட்டைமாடியில் ஃபேன் இல்லாமல் தூங்கியதும் முணுமுணுப்பை வாபஸ் வாங்குவீர்கள். சென்னையில் மே மாத ராத்திரி என்பது வெயில் பார்க்கும் ஓவர்டைம்.

தமிழாசிரியர், திருப்பத்தூர்: தங்கவயலில் மொத்தம் எத்தனை பருவங்கள்?

தொல்காப்பியர் கணக்கில் பெரும்பொழுது ஆறு. வானிலைத் துறை கணக்கில் நான்கு. லாட்ஜ்காரர் கணக்கில் இரண்டு: சீசன், டல் சீசன்.

எங்கள் ஓட்டு தொல்காப்பியருக்கே. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று அவருடைய உரைகாரர்கள் வகுத்தது சென்னைக்கு ஒத்துவராது. அங்கே ஐப்பசி பிறந்தால்தான் வானத்துக்குப் பொறுப்பு வரும். இங்கே ஆவணி பாதியில் சாயங்காலமானால் இடி, புரட்டாசியில் ஏரிக்குத் தண்ணீர், ஐப்பசி பாதிவரை அதே கதை. ஐயா, உங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு செப்டம்பரில் வாருங்கள். செய்யுளில் படித்த கார், தலையில் விழும்.

அவரே மீண்டும்: அப்படியானால் இங்கே பெய்வது தென்மேற்கா, வடகிழக்கா?

தென்மேற்கு கன்னடம், வடகிழக்கு தமிழ், சித்திரை வைகாசியில் ஆந்திரப் பக்கமிருந்து உருண்டு வரும் கோடை இடி தெலுங்கு. ஊரைப்போலவே வானமும் மும்மொழி. மூன்றிலும் முழுசாகப் பேசாது என்பதுதான் குறை.

எம்., தாம்பரம்: மழைக்காலத்தில் வந்தால் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வோமா?

யார் கேட்பது பாருங்கள்! 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் உங்கள் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர். எங்கள் கோலார் மாவட்டம் ஒரு முழு வருஷத்துக்கு வாங்கும் ரேஷனே சுமார் 70. வெள்ளத்துக்கு நீங்கள் வாத்தியார். நாங்கள் இன்னும் அட்மிஷனே போடவில்லை.

எஸ்.ஆர்., ஷிமோகா: ஒரே கர்நாடகம்தானே! எங்களுக்குப் பெய்கிற மழை உங்களுக்கு ஏன் வருவதில்லை?

உங்கள் பக்கத்து ஆகும்பேயில் ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். எங்களுக்கு எழுநூறு. அரபிக்கடல் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் வந்து நலம் விசாரிக்கிறது. கோலாருக்கு வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருப்பவர்களுக்கு நிதியும் மேகமும் கடைசியாகத்தான் வரும்.

பி., புதுச்சேரி: புயல் கரை கடப்பது எங்கள் ஊரில். நீங்கள் ஏன் மஃப்ளர் சுற்றிக்கொள்கிறீர்கள்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் உங்கள் பக்கத்தில் கரை ஏறியது. அடுத்து பெங்களூரு, கோலார் வட்டாரம் முழுக்க இருண்ட வானம், நசநசவென்று தூறல், வெடவெடப்பு. உங்களுக்குப் புயல், எங்களுக்கு அதன் ஜலதோஷம். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னால் சென்னையில் படகைக் கட்டுவார்கள். ராபர்ட்சன்பேட்டையில் பஜ்ஜிக்கு மாவு கரைப்பார்கள். நவம்பரில் பயணம் வைப்பவர்கள் தங்கவயல் வானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, வங்கக்கடலைப் பார்க்கவும்.

டி., ஓசூர்: ஆடி மாதம் தங்கவயல் பக்கம் போகாதே என்று பாட்டி சொல்கிறாள். மூடநம்பிக்கைதானே?

பாட்டி சொன்னது அறிவியல். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, சயனைடு மேடு பறக்கும்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் கடையை மூடும்வரை, மேலே வந்த பாறையைப் பொடியாக இடித்தார்கள். சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய பொடியை ஊரைச் சுற்றி மேடாகக் கொட்டினார்கள். 3 கோடி டன்னுக்கு மேல். தங்கம் லண்டனுக்குப் போனது, பொடி எங்களுக்கு வாரிசுரிமை.

பெயரைக் கேட்டு சயனைடுக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையான வில்லன் அந்தப் பொடியில் இருக்கும் சிலிக்கா. சுரங்கத்தில் இறங்கியவர்களின் நுரையீரலைத் தின்றது அதுதான். இறங்காதவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்று வீட்டு வாசலிலேயே டெலிவரி செய்கிறது. மழை பெய்தால் தூசி அடங்கும்; அதே மேடு குழம்பாகி ஓடையில் இறங்கும். காற்றிலா, தண்ணீரிலா என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டும் எங்களுக்கு உண்டு.

நீங்கள் இரண்டு நாள் வந்து போகிறவர். ஒரு கண்ணாடி, ஒரு கைக்குட்டை போதும். பாட்டிக்கு என் வணக்கம்.

கல்லூரி மாணவர், கோவை: படத்தில் பார்த்த மாதிரி ஊரே கன்னங்கரேலென்று இருக்குமா? அதற்கேற்ற சீசன் எது?

அந்தக் கறுப்பு எடிட்டிங் ரூமில் மட்டும் விளையும் பயிர். மேடுகள் நிஜத்தில் வெளுத்த சாம்பல் நிறம்; நல்ல வெயிலில் கண் கூசும். கறுப்புதான் வேண்டுமென்றால் கரண்ட் போன நேரத்தில் வாருங்கள். மேட்டின் விளிம்பில் நின்று ‘கேஜிஎஃப்’ படத்து ராக்கி பாய் போஸ் மட்டும் வேண்டாம். மழைக்குப் பிறகு ஓரம் சரியும், பின்னணி இசை வராது.

ஜெ., குடியாத்தம்: கரண்ட் என்றதும் கேட்கிறேன். மழை வந்தால் அங்கே மின்சாரம் போய்விடுமா?

மரியாதையாகப் பேசவும். பெங்களூரின் தெருக்களில் பல்பு எரிந்தது 1905-ல். எங்களுக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்துவிட்டது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான லைன்களில் ஒன்று.

இதிலும் பருவம் மூக்கை நுழைத்தது. கோடையில் காவிரி மெலிந்தால் சிவசமுத்திரத்தில் சக்கரம் சோம்பும், இங்கே சுரங்கத்தில் வேலை தடுமாறும். 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் அணையைத் தொடங்கியதற்கு மண்டியா வயல்கள் மட்டும் காரணமில்லை. தங்கவயலுக்குப் பன்னிரண்டு மாதமும் தடையில்லா மின்சாரம் தருவதும் ஒரு காரணம். இன்று காவிரிக்காக இரண்டு மாநிலங்கள் கோர்ட் படி ஏறும்போது, அந்த அணைக் கதையில் எங்களுக்கும் ஒரு வரி உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. சொல்லாதவரை நிம்மதி.

உங்கள் கேள்விக்குப் பதில்: போகும்.

ஏ., ஆவடி: பூமிக்கு அடியில் குளுகுளுவென்று இருக்குமாமே. கோடையில் சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா?

வீட்டு நிலவறையையும் சாம்பியன் ரீஃபையும் குழப்பிக்கொள்கிறீர்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே எந்திரம் வைத்துக் காற்றைக் குளிரவைத்துக் கீழே அனுப்பினார்கள். அப்படியும் வியர்வையில்தான் வேலை. இதிலும் எங்கள் பாறை நல்ல பிள்ளை. மற்ற இடங்களில் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி ஏறும். இது பழம்பாறை என்பதால் பாதிதான் ஏறியது. வேறு ஊரில் அவ்வளவு ஆழம் போயிருந்தால் தங்கம் தானே உருகி வந்திருக்கும் என்று ஒரு பழைய தொழிலாளி சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். சூட்டைத் தள்ள வேண்டாம்.

உட்கார முடியாததற்கு வேறு காரணம்: சுரங்கங்கள் மூடி, உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. மேலே குடிக்கத் தண்ணீருக்கு லாரி, கீழே தண்ணீருக்கு ஷாஃப்ட்.

ஆர்.என்., திருச்சி: மழையே படாத இடம் உலகில் உண்டா? தத்துவமாகக் கேட்கிறேன்.

நான் விலாசமாகச் சொல்கிறேன். வானத்திலிருந்து அண்டக் கதிர்கள் சதா மழையாகப் பொழிகின்றன. வீட்டுக் கூரை அதற்குத் தடையே இல்லை. அந்த மழைக்குக் குடை தேடிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக்காரர்களோடு சேர்ந்து எங்கள் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். மற்றக் கதிர்கள் பாறையோடு நின்றுவிட, நியூட்ரினோ மட்டும் குடையைத் துளைத்துக்கொண்டு வந்தது. 1965-ல் பிடித்தார்கள். தங்கம் தேடி வந்தவர்களுக்கு மத்தியில், ஏறக்குறைய எடையே இல்லாத ஒன்றைத் தேடி வந்தவர்கள் அவர்கள்தான்.

பி.எல்., ஈரோடு: மழை பெய்தபின் தெருவில் தங்கம் மின்னுமாமே? எந்த மாதம் வந்தால் பொறுக்கலாம்?

நீங்கள் 200 வருஷம் லேட். 1802-ல் லெப்டினன்ட் வாரன் இந்த வதந்தியை மோப்பம் பிடித்து வந்தபோது, கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசித் தங்கத் துகளைக் காட்டினார்கள். இன்று மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. ஈரோட்டிலிருந்து டீசல் போட்டு வந்து பொறுக்கினால், டீசலுக்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

எச்., வாணியம்பாடி: பாலாற்றுத் தண்ணீரை நீங்கள்தானே தடுத்து வைத்திருக்கிறீர்கள்? எங்கள் ஆற்றில் மணல்கூட மிச்சமில்லை.

மணலுக்கு நான் ஜவாப்தாரி இல்லை. அதை லாரி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். தண்ணீர் விஷயத்தில் 1892-ல் மைசூரும் மதராஸும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள்.

நாங்கள் குடித்து வளர்ந்தது பேத்தமங்கலம் ஏரியை. பாலாறு அதில் நிறைந்து வழிந்தால்தான் கீழே உங்களுக்கு. நிறைவதே அபூர்வம். 2021 நவம்பரில் நிறைந்தது, வழிந்தது, வேலூர்வரை ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊர் ஊராகப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பூத்தூவினார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடுகிற நாட்டில் சுற்றுலாத் துறைக்குத் தனியாக விளம்பரம் எதற்கு?

இன்னொரு செய்தி. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலத்தடி நீர் ஏற உதவுகிறது என்கிறார்கள் ஒரு சாரார். சுத்தம் போதவில்லை என்கிறார்கள் மறு சாரார். ஆக, மார்ச் மாதம் ஏரியில் தண்ணீரைப் பார்த்ததும் ‘நல்ல மழை போலிருக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒயிட்ஃபீல்டில் யாரோ குளித்த அறிகுறியாகவும் இருக்கலாம்.

எல்., சேலம்: மாம்பழத்துக்காகவே வரலாமா?

சேலத்துக்காரர் மாம்பழத்துக்காக வெளியூர் போவதா! சரி, ரகசியமாக வாருங்கள். சீனிவாசபுரம் மண்டியில் மே மாதம் தொடங்கி ஜூலைவரை சந்தை. நீங்கள் அல்போன்சா என்பதை இங்கே பாதாமி என்பார்கள். உங்களுக்கு சித்திரையிலேயே கடை விரித்துவிடும். எங்கள் மேட்டு நிலத்தில் அதற்கு இன்னும் சில வாரம் போக வேண்டும். நடுவில் ஏப்ரலில் ஆலங்கட்டி மழை ஒன்று வரும். பயணிக்கு அது செல்ஃபி, விவசாயிக்கு அது அடகுச் சீட்டு. அந்த நேரம் ‘ஆஹா, என்ன க்ளைமேட்’ என்று தோப்புப் பக்கம் நின்று கூவாதீர்கள். கையில் கல்லோடு யாராவது இருக்கக்கூடும்.

பக்தர், காஞ்சிபுரம்: கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்கு மகா சிவராத்திரிக்குப் போகலாமா?

கம்மசந்திரத்தில் 108 அடி லிங்கம், சுற்றிலும் எண்ண முடியாத சின்ன லிங்கங்கள், சிவராத்திரிக்கு அவற்றைவிட அதிகமாக பக்தர்கள். மாசி மாதம்: விடியலில் குளிர், பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலுக்குத் தரையே பிராயச்சித்தம். அதிகாலையில் போகவும். கார்த்திகையில் போனால் கூட்டமும் குறைவு, தரையும் தணுப்பு. புண்ணியத்தில் கழிவு ஏதும் பிடிப்பார்களா என்பது என் இலாகா இல்லை.

ஓய்வுபெற்றவர், ஆண்டர்சன்பேட்டை: பக்கத்துத் தெருக்காரன் கேட்கிறேன். மகள் சிங்கப்பூர் கூப்பிடுகிறாள். எந்த மாதம் போக?

அண்ணே, பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கும் ஊர் அது. ஜனவரியோ ஜூலையோ வெப்பம் 25-க்கும் 32-க்கும் நடுவில்தான். நவம்பர் முதல் ஜனவரிவரை மழை கூடுதல். ஜூன் முதல் செப்டம்பர்வரை சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று வந்து அரை மணியில் அடித்துவிட்டுப் போகும். செப்டம்பர், அக்டோபரில் சில வருஷம் இந்தோனேசியக் காட்டுத்தீப் புகை வரும். 2015-ல் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். சயனைடு மேட்டில் பயிற்சி எடுத்த மூக்கு உங்களுடையது, அது சமாளிக்கும். ஸ்வெட்டர் மறக்காதீர்கள். வெளியே தேவைப்படாது, அங்கே உண்மையான குளிர்காலம் கட்டடங்களுக்குள்தான்.

யாழ்ப்பாண வாசகி, இப்போது டொரொன்டோ: டிசம்பரில் தாத்தாவின் தங்கவயலையும் பார்த்து, இலங்கையில் கடற்கரைக்கும் போக வேண்டும். முடியுமா தம்பி?

தம்பி என்றதற்காகவே நீண்ட பதில். தங்கவயலுக்கு டிசம்பர் அருமை: பகலில் இதமான வெயில், ராத்திரி 15-ஐத் தொட்டுப் பார்க்கும் குளிர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், சாம்பியன் ரீஃப் மாதா கோயில்.

கடலுக்குத்தான் கவனம். இலங்கை சின்னத் தீவு. ஆனால் இரண்டு கரையும் இரண்டு பஞ்சாங்கம். டிசம்பரில் திருகோணமலை, மட்டக்களப்பு நனைந்துகொண்டிருக்கும். காலி, பெந்தோட்டைப் பக்கம் காயத் தொடங்கியிருக்கும். மே முதல் செப்டம்பர்வரை அப்படியே தலைகீழ். டிசம்பரில் கிழக்கே ரூம் மலிவு என்று விளம்பரம் வந்தால், காரணத்தை அந்த விளம்பரம் சொல்லாது. டொரொன்டோ டிசம்பரிலிருந்து வருகிறவருக்கு எங்கள் 15 டிகிரி குளிர் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஐ.டி. வாசகர், சோழிங்கநல்லூர்: செல்போனில் 60 சதவீதம் மழை என்று காட்டுகிறது. டிக்கெட்டை கேன்சல் செய்யவா?

இதே மாதிரி வானம் பத்து முறை கூடினால் ஆறு முறை கொஞ்சமாவது பெய்யும் என்று அர்த்தம். நாள் முழுக்கப் பெய்யும் என்றோ, ஊரில் அறுபது சதவீதம் நனையும் என்றோ இல்லை. எங்கள் செப்டம்பர் மழை பெரும்பாலும் நாலு மணிக்கு மேல் ஷிஃப்டுக்கு வரும். காலையில் ஊர் சுற்றுங்கள், மதியம் முல்பாகல் தோசை, நாலு மணிக்கு ஜன்னல். இதற்கு ஆப் தேவையில்லை.

வி.ஜி., பெரம்பூர்: ரயிலில் வருவதென்றால் எப்படி?

சென்னை–பெங்களூரு வண்டிகளில் பங்காரப்பேட்டையில் நிற்பதைப் பிடித்து இறங்கவும். அங்கிருந்து மாரிக்குப்பம் கிளைப்பாதை, 1894-ல் போட்டது. வழியில் கோரமண்டல் என்றொரு ஸ்டேஷன் வரும். சோழமண்டலக் கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. காற்று வாங்க இறங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை வரவும். மற்ற நாளில் விடியற்காலை வண்டியில் பாதி ஊர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடும், ராத்திரிதான் திரும்பும். சுரங்கம் மூடிய பிறகும் எங்கள் ஆட்கள் இருட்டில் போய் இருட்டில் வருகிறார்கள். ஷிஃப்ட் மாறவில்லை, ஷாஃப்ட்தான் தண்டவாளமாகிவிட்டது.

எஸ்., வேளச்சேரி: குளிர் 15 டிகிரி என்றால் என்னென்ன உடை எடுத்து வர?

உங்களுக்கு ஸ்வெட்டர், மங்கி குல்லா, சாக்ஸ், மஃப்ளர், கம்பளி. எங்களுக்கு லுங்கி.

கே.ஆர்., நெய்வேலி: டிசம்பரில் குடும்பத்தோடு ஐந்து பேர் வருகிறோம். லாட்ஜ் எதற்கு, உங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமா சித்தப்பா?

தாராளமாக. எந்தத் தேதி என்று முதலில் எழுதுங்கள். நான் ஊரில் இல்லாத தேதியைப் பிறகு முடிவு செய்கிறேன்.